பிட்ஸ்ஃபீல்ட், 1859: ஆம்ஹர்ஸ்ட் – வில்லியம்ஸ் சதுரங்கப் போட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

1859ஆம் ஆண்டு ஜூலை 1, 2 ஆகிய இரு நாள்களில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேற்கு ஓரத்து மலைப்பகுதியான பெர்க்ஷயரில் அமைந்த பிட்ஸ்ஃபீல்ட் என்னும் ஊரில், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் மாணவர்களும் வில்லியம்ஸ் கல்லூரியின் மாணவர்களும் இரண்டு போட்டிகளில் எதிரெதிராக நின்றனர். வெள்ளிக்கிழமை பேஸ்பால் ஆட்டம் நடந்தது. சனிக்கிழமை சதுரங்கம் நடந்தது. இரண்டிலும் ஆம்ஹர்ஸ்டே வென்றது. முதல் நாள் ஆட்டம், அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடைபெற்ற முதல் பேஸ்பால் ஆட்டம் என்ற பெயரோடு விளையாட்டு வரலாறுகளில் நிலைத்துவிட்டது. இரண்டாம் நாள் ஆட்டமும் அதன் துறையில் அதே முதன்மை உடையதுதான். அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையிலான சதுரங்கம் அந்தச் சனிக்கிழமையிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆயினும் பேஸ்பால் வரலாற்றை எழுதுவோர் அதனை ஒரு துணைவாக்கியத்தில் கடந்துவிடுகின்றனர். சதுரங்க வரலாற்றை எழுதுவோரும் அதற்கு உரிய இடத்தைப் பெரும்பாலும் அளிப்பதில்லை.

இந்தப் புறக்கணிப்பு சரியன்று என்பதே என் உறுதியான கருத்து. பிட்ஸ்ஃபீல்டில் நிகழ்ந்தது ஒரு பந்தாட்டமும் அதற்கு ஒட்டாகச் சேர்ந்த ஒரு பொழுதுபோக்கும் அன்று. அது இரண்டு பாதிகளைக் கொண்ட ஒரே அறைகூவல். அந்த இரு பாதிகளில், 1859ஆம் ஆண்டின் கல்லூரிச் சூழலை நமக்கு விளக்கிக் காட்டுவது பந்தாட்டத்தைக் காட்டிலும் சதுரங்கம்தான். இந்தக் கல்லூரிகள் ஏன் மோதின, ஏன் அந்த ஆண்டில் மோதின, ஏன் சதுரங்கம் கேட்கப்பட்டது, கேட்கப்பட்ட பின்னும் ஏன் நினைவிலிருந்து நழுவியது என்பவற்றை இனிப் பார்க்கலாம்.

பிரிவினையில் பிறந்த பகை

வில்லியம்ஸ் கல்லூரி 1793இல், மாநிலத்தின் வடமேற்கு மூலையில் மலைகளால் சூழப்பட்ட வில்லியம்ஸ்டவுனில் தொடங்கப்பட்டது. அந்த இடத்தின் தனிமை தொடக்க முதலே கல்லூரிக்கு ஒரு சுமையாக இருந்தது. மாணவர்கள் வந்து சேருவதும் கடினம், நன்கொடையாளர்களை ஈர்ப்பதும் கடினம். 1815இல் தலைவர் பொறுப்பேற்ற செஃபனையா ஸ்விஃப்ட் மூர், கல்லூரியைக் கிழக்கே கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் பெயர்த்துக்கொண்டு போவதே அது பிழைப்பதற்கான வழி என்று கருதினார். அறங்காவலர்களில் பெரும்பாலோர் அதற்கு இணங்கி, நார்தாம்ப்டன் நகருக்கு மாற அனுமதி கேட்டனர். மாநிலச் சட்டமன்றம் 1820இல் அதனை மறுத்துவிட்டது. அடுத்த ஆண்டே மூர் பதவியை விட்டு விலகி, தம்மோடு வரத் துணிந்த மாணவர் சிலரையும் அழைத்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தாக்கில் புதிதாக எழுந்த ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கு முதல் தலைவராகச் சென்றார். தாய்க் கல்லூரி மூடப்பட்டுவிடும் என்று பலர் எண்ணினர். அது மூடப்படவில்லை. புதிய கல்லூரிக்குச் சட்டப்படியான அங்கீகாரம் கிடைப்பதற்கு 1825 வரை போராட வேண்டியிருந்தது. மூர் செல்லும்போது வில்லியம்ஸ் நூலகத்துப் புத்தகங்களையும் எடுத்துச் சென்றுவிட்டார் என்றொரு கதை இரண்டு கல்லூரிகளிலும் இன்றுவரை வழங்குகிறது. அதற்குச் சான்று எதுவும் கிடையாது, ஆனால் அத்தகைய கதை தலைமுறை தலைமுறையாக விரும்பிச் சொல்லப்பட்டது என்பதே பகையின் ஆழத்துக்குச் சான்றாகும்.

இந்தப் பகையில் கவனிக்க வேண்டிய ஒரு தன்மை உண்டு. இரு கல்லூரிகளும் கொள்கையில் வேறுபட்டவை அல்ல. இரண்டும் கான்கிரிகேஷனல் சபை என்னும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவின் பழமை வழுவாத மரபைச் சேர்ந்தவை; இரண்டும் சமய ஊழியர்களை உருவாக்குவதைத் தலையாய கடமையாகக் கொண்டவை. வில்லியம்ஸ் மாணவர்கள் 1806இல் ஒரு வைக்கோற்போர் நிழலில் கூடிச் செய்த பிரார்த்தனையிலிருந்தே 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் பிறந்தது. 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டை செமினரியை நிறுவியது அந்தச் சங்கம்தான் என்பதால், இந்தக் கல்லூரிகளின் கதை தமிழுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பாடத்திட்டமும் ஏறத்தாழ ஒன்றே: லத்தீன், கிரேக்கம், கணிதம், இறுதியாண்டில் அறவியல். ஒன்றைப் போலவே மற்றொன்று இருந்த காரணத்தால், எது உயர்ந்தது என்ற கேள்வி இரு தரப்பையும் ஓயாமல் உறுத்தியது. அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கோ பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. பொதுத் தேர்வு கிடையாது, தரவரிசை கிடையாது, மேடைப் பேச்சில் யார் சிறந்தவர் என்பது கேட்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரே விதியின்படி ஆடி, வெற்றியும் தோல்வியும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிடும் ஓர் அறிவுப் போட்டிக்கு இங்கே பெரும் வெற்றிடம் இருந்தது.

1859இல் சதுரங்கத்தின் மதிப்பு

அந்த ஆண்டில் சதுரங்கம் அமெரிக்காவில் பெற்றிருந்த மதிப்பை, நியூ ஆர்லியன்ஸ் நகரத்து இளைஞர் பால் மார்ஃபியை விட்டுவிட்டு விளக்க முடியாது. 1857 அக்டோபர், நவம்பர் மாதங்களில் நியூயார்க்கில் கூடிய முதல் அமெரிக்கச் சதுரங்க மாநாட்டில், இருபது வயதில், லூயி பால்சனை இறுதிச் சுற்றில் வென்று அவர் முதலிடம் பெற்றார். மறு ஆண்டு ஐரோப்பாவுக்குச் சென்று லோவென்தால், ஹார்விட்ஸ், இறுதியில் ஆண்டர்சன் எனப் பேரெடுத்த ஆட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தோற்கடித்தார். நூலிலும் ஓவியத்திலும் அறிவியலிலும் ஐரோப்பாவே மேல் என்ற தாழ்வுணர்ச்சியோடு வாழ்ந்த ஒரு நாட்டுக்கு, அறிவின் துறையொன்றில் தன் மகன் ஐரோப்பாவை வென்றான் என்பது சாதாரணச் செய்தியன்று. 1859 மே மாதம் அவர் தாயகம் திரும்பியபோது வரவேற்பும் அதற்கேற்ப அமைந்தது. மே 25 அன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடந்த பாராட்டு விழாவில் பொன்னாலும் வெள்ளியாலும் செய்த காய்கள் அவருக்குப் பரிசளிக்கப்பட்டன. மே 31 அன்று பாஸ்டனில் ரிவியர் ஹவுஸ் விடுதியில் நடந்த விருந்துக்கு எழுத்தாளர் ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் தலைமை தாங்கினார்; கவிஞர்கள் லாங்ஃபெலோ, லோவல், விஞ்ஞானி அகாசிஸ் ஆகியோர் அமர்ந்திருந்தனர். நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு அமெரிக்க மாநிலங்களின் கல்வியுலகம் முழுவதும் ஓர் ஆட்டக்காரரின் முன் எழுந்து நின்ற மாலை என்று அதனைச் சொல்லலாம். பிட்ஸ்ஃபீல்ட் போட்டி அதற்கு ஒரு மாதம் கழித்து நடந்தது.

நியூயார்க் விழாவில் மார்ஃபி ஆற்றிய மறுமொழி உரை நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுகிறது. பணத்தை நாடி ஆடப்படும் பிற ஆட்டங்களைப் போலன்றி, சதுரங்கத்தின் போலிப் போர்கள் மானம் ஒன்றையே பரிசாகக் கொண்டு நடப்பவை என்றும், ஆகவே பொழுதுபோக்குகளுள் அறத்துக்கு மிக இசைந்தது அதுவே என்றும் அவர் சொன்னார். கூடவே, அது பொழுதுபோக்காக மட்டுமே இருக்கவேண்டும், வாழ்க்கையின் பெரிய கடமைகளுக்கு இடையூறாக வளரவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். முதற்கூற்று சதுரங்கத்துக்குக் கல்லூரி வளாகத்தின் கதவைத் திறக்கும் சாவியாயிற்று. சீட்டாட்டமும் பில்லியர்ட்ஸும் தடை செய்யப்பட்டிருந்த அக்காலக் கல்லூரிகளில், பேராசிரியரும் மாணவரும் தயக்கமின்றி அருகில் அமரக்கூடிய பலகை அது ஒன்றாகவே இருந்தது. இரண்டாம் கூற்று, அந்த மதிப்புக்குள்ளேயே ஒளிந்திருந்த ஐயத்தை வெளிப்படுத்துகிறது.

அந்த ஐயத்தை மிகக் கடுமையாகச் சொன்னது நியூயார்க்கிலிருந்து வாரந்தோறும் வெளிவந்த சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ். சதுரங்கம் கற்கவும் ஆடவும் வேண்டும் என்ற கேடான பரபரப்பு நாடெங்கும் பரவிவிட்டது, நகரந்தோறும் சிற்றூர்தோறும் மன்றங்கள் முளைக்கின்றன, இது தாழ்ந்த தரத்து வேடிக்கை, மேலான கல்விக்குச் செலவிடவேண்டிய நேரத்தைத் திருடுகிறது, உடலுக்கோ எந்த நன்மையும் தருவதில்லை என்று அது கண்டித்து எழுதியது. அந்தக் கட்டுரை வெளிவந்த இதழின் தேதி 1859 ஜூலை 2. பிட்ஸ்ஃபீல்டில் இரு கல்லூரிகளின் மாணவர்கள் பலகைக்கு முன் அமர்ந்த அதே சனிக்கிழமை அது. வேண்டுமென்றே அமைத்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திராது. ஒரே நாளில் ஒரு தரப்பு சதுரங்கத்தை அறிவின் அளவுகோலாக ஏற்கிறது, மற்றொரு தரப்பு அதனை அறிவின் பகையாகப் பழிக்கிறது.

உடலுக்கு நன்மை இல்லை என்ற குற்றச்சாட்டு அந்நாளில் வெறும் வாய்ச்சொல்லன்று. நாள் முழுதும் விடுதியிலும் வகுப்பிலும் அடைந்து கிடந்த மாணவர்களின் உடல்நலம் கெடுவது நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளை வருத்திய உண்மையான கவலை. ஆம்ஹர்ஸ்டின் தலைவராக 1854 முதல் இருந்த வில்லியம் அகஸ்டஸ் ஸ்டேர்ன்ஸ் இதனைத் தம் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டவர். பாரெட் உடற்பயிற்சிக்கூடம் எழுந்ததும், 1861இல் எட்வர்ட் ஹிட்ச்காக் என்னும் மருத்துவரின் பொறுப்பில் உடற்கல்வித் துறை அங்கே உறுதிப்பட்டதும் அவருடைய முயற்சியின் பயன். ஆகவே 1859 கோடையில் ஆம்ஹர்ஸ்ட் மாணவர்கள் பந்தாட்டத்துக்கு அறைகூவியது தலைமையின் மனப்போக்குக்கு மாறானதாகத் தோன்றவில்லை. வில்லியம்ஸில் அப்போது தலைவராக இருந்தவர் மார்க் ஹாப்கின்ஸ். அறவியல் வகுப்பில் மாணவர்களைக் கேள்வி கேட்டுக் கேட்டுச் சிந்திக்க வைத்ததற்காகவே நாடறியப் புகழ்பெற்ற ஆசிரியர். அவருடைய கல்லூரியிலிருந்து எந்த மறுமொழி வந்தது என்பதை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்கவேண்டும்.

அறைகூவலும் மறுமொழியும்

நட்பு முறையில் பந்தாட அழைத்தது ஆம்ஹர்ஸ்ட். அழைப்பை வில்லியம்ஸ் ஏற்றது. ஏற்றதோடு, உடலின் வலிமை சோதிக்கப்படுவதைப் போல மனத்தின் வலிமையும் சோதிக்கப்படட்டும் என்று கூறிச் சதுரங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டது. ஆம்ஹர்ஸ்ட் அதற்கு இணங்கியது.

இந்தச் சிறு கடிதப் போக்குவரத்தே நிகழ்வின் மையம் என்று நான் கருதுகிறேன். வில்லியம்ஸ் ஏன் அப்படிக் கேட்டது? பந்தாட்டத்தில் ஆம்ஹர்ஸ்டின் கை ஓங்கியிருக்கும் என்ற முன்னெச்சரிக்கை இருந்திருக்கலாம். ஆனால் அதுமட்டுமே காரணம் என்று கொள்வது மாணவர்களின் பெருமித உணர்வைக் குறைத்து மதிப்பதாகும். கல்லூரியின் பெயரால் இரண்டு இளைஞர் குழுக்கள் பொதுவெளியில் மோதுவது அக்காலத்தில் மிகப் புதிய செய்தி. 1852 ஆகஸ்டில் வின்னிபெசாக்கி ஏரியில் ஹார்வர்டும் யேலும் நடத்திய படகுப் போட்டியே அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் விளையாட்டுப் போட்டி. அதற்கு ஏழாண்டுகளுக்குப் பின்னரே பிட்ஸ்ஃபீல்ட். அத்தகைய புதுமைக்குப் பெற்றோர், பேராசிரியர், சபையோர் ஆகியோரின் ஒப்புதலைப் பெறுவதற்குப் பந்தும் மட்டையும் போதா. கல்லூரி என்பது அறிவுக்கான இடம் என்பதை மறவாமல் செய்யப்படும் போட்டி இது என்று காட்டுவதற்குச் சதுரங்கம் வேண்டியிருந்தது. அதனால்தான், வெற்றிச் செய்தியைத் தாங்கி அச்சான ஆம்ஹர்ஸ்ட் எக்ஸ்பிரஸ் சிறப்புத்தாளின் தலைப்பிலேயே பேஸ்பாலும் சதுரங்கமும் ஒருசேர நிற்க, தசையும் மனமும் என்ற சொற்கள் அடுத்து வந்தன. நிகழ்வைச் செய்தவர்களின் கண்ணில் அது ஒரே நிகழ்வு. பிற்காலத்தவரே அதனை இரண்டாகப் பிளந்து, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டனர்.

இடத்தேர்வும் சிந்தனைக்குரியது. பிட்ஸ்ஃபீல்ட் வில்லியம்ஸ்டவுனுக்குத் தெற்கே இருபது மைலளவில் உள்ளது. ஆம்ஹர்ஸ்டிலிருந்து வருவோர்க்கு ஏறத்தாழ இருமடங்கு தொலைவும் மலையேற்றமும் உண்டு. பொது இடம் என்று சொல்லப்பட்டாலும் அது வில்லியம்ஸுக்கே அண்மையானது. வில்லியம்ஸ் மாணவர்கள் பெருந்திரளாக வந்து கூடியதும் அதனால்தான். ஆனால் அந்த ஊருக்கு வேறெதிலும் காண்பதற்கரிய ஒரு தகுதி இருந்தது: பாஸ்டனையும் ஆல்பனியையும் இணைத்த இருப்புப்பாதையில் அமைந்த அவ்வூரில் ஒரு பேஸ்பால் மன்றமும் ஒரு சதுரங்க மன்றமும் இயங்கின, இரண்டும் விருந்தோம்ப முன்வந்தன. மார்ஃபியின் புகழால் சிற்றூர்களிலெல்லாம் மன்றங்கள் முளைத்தன என்று சயன்டிஃபிக் அமெரிக்கன் குறைபட்டுக்கொண்டதே, அந்த முளைப்பு இல்லாதிருந்தால் கல்லூரிச் சதுரங்கத்தின் முதல் போட்டிக்கு நடுநிலையான கூரையொன்று கிடைத்திருக்காது.

வெள்ளியும் சனியும்

வெள்ளிக்கிழமை ஆட்டம் மேப்பிள்வுட் மகளிர் கல்விக்கூடத்தை அடுத்த திடலில் நடந்தது. அன்று ஆடப்பட்டது இன்றைய பேஸ்பால் அன்று. மாசசூசெட்ஸ் முறை என்று வழங்கிய பழைய ஆட்டம். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். சதுரமாக நட்ட நான்கு முளைகள். ஓடுபவன் மேல் பந்தை எறிந்தாலே அவன் ஆட்டமிழப்பான். ஒருவர் ஆட்டமிழந்தால் அந்தப் பக்கத்தின் முறை முடிந்துவிடும். 65 ஓட்டங்களை எட்டுவோர் வென்றவர் என்று பேசிக்கொண்டனர். ஆம்ஹர்ஸ்ட் தன் ஆட்டக்காரர்களைக் கல்லூரி மாணவர் அனைவரிடையிலும் வாக்கெடுத்துத் தேர்ந்தெடுத்திருந்தது; சீருடை எதுவுமின்றி வந்திறங்கிய அவர்களுக்கு எதிரே வில்லியம்ஸ் அணியினர் இடைக்கச்சை அணிந்து ஒழுங்காக நின்றனர். இரு தரப்பும் தத்தம் பந்தைக் கொண்டுவந்திருந்தன. அவை எடையில்கூட ஒன்றல்ல. சுமார் மூன்றரை மணி நேரம் நடந்த ஆட்டம் 73–32 என்ற கணக்கில் ஆம்ஹர்ஸ்டுக்குச் சென்றது. அவர்களுடைய பந்து எறிவாளர் மாணவரே அல்லர், பணம் கொடுத்து அழைத்துவந்த கொல்லர் என்றொரு வதந்தி திடலில் பரவியது. அத்தனை நேரம் அப்படி எறிவதற்குக் கொல்லனால்தான் முடியும் என்று பார்வையாளர் ஒருவர் சொன்னதாகவும் பதிவாகியுள்ளது. எறிந்தவர் ஹென்றி ஹைட் என்ற ஆம்ஹர்ஸ்ட் மாணவர். கல்லூரிப் போட்டி பிறந்த நாளிலேயே, ஆடுபவர் உண்மையான மாணவர்தானா என்ற ஐயமும் உடன் பிறந்துவிட்டது.

சனிக்கிழமை, தேர்ந்தெடுக்கப்பட்ட சதுரங்க ஆட்டக்காரர்கள் பலகைக்கு முன் அமர்ந்தனர். முந்தைய நாளின் தோல்வியால் புண்பட்டிருந்த வில்லியம்ஸ் தரப்புக்கு இது தாங்களே கேட்டுப் பெற்ற போட்டி; மனத்தின் சோதனையில் வென்றால் தசையின் சோதனையில் தோற்றது பெரிதன்று என்று தலைநிமிர்ந்து ஊர் திரும்பியிருக்கலாம். அந்த வாய்ப்பும் கைகூடவில்லை. ஆம்ஹர்ஸ்ட் சதுரங்கத்திலும் வென்றது. ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் மணிகள் ஒலித்தன, சொக்கப்பனை எரிந்தது. தானே சேர்த்த பந்தயத்தில் தானே தோற்றதுதான் வில்லியம்ஸுக்கு இரட்டைத் தோல்வியை உண்மையில் இரட்டிப்பாக்கியது.

அந்தப் பலகையின் முன்னிருந்த சூழலை அக்காலச் சதுரங்க நடைமுறைகளைக் கொண்டு நாம் அறிந்துகொள்ளலாம். நேரக் கட்டுப்பாடு என்பது அப்போது நடைமுறைக்கு வரவில்லை. மணற்கடிகை வைத்து ஆடிய ஆண்டர்சன் – கோலிஷ் போட்டி 1861இல்தான் நடந்தது. இரட்டைமுகக் கடிகாரம் 1883ஆம் ஆண்டு லண்டன் போட்டியில்தான் வந்தது. ஒருவர் ஒரு நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் எதிராளி பொறுத்திருக்க வேண்டியதே. 1857 மாநாட்டில் பால்சனின் நெடுஞ்சிந்தனை பார்வையாளர்களின் பொறுமையைச் சோதித்தது எல்லோரும் அறிந்த செய்தி. தனி மனிதர் ஆடும் ஆட்டத்தை நிறுவனங்களின் போட்டியாக மாற்றுவதற்கு அதுவரை பழக்கத்தில் இருந்த வழி, ஒரு தரப்பைச் சேர்ந்த பலர் கூடிக் கலந்தாலோசித்து ஒரே பலகையில் ஆடுவதுதான். 1824இல் தொடங்கிய லண்டன் – எடின்பரோ அஞ்சல் ஆட்டம், 1830களின் பாரிஸ் – லண்டன் ஆட்டம், 1844இல் மோர்ஸின் புதிய தந்தி வழியாக வாஷிங்டனும் பால்டிமோரும் ஆடியது, 1856இல் நியூயார்க்கும் ஃபிலடெல்ஃபியாவும் மோதியது என எல்லாமே நகரத்துக்கு நகரம், மன்றத்துக்கு மன்றம். பல பலகைகளில் தனித்தனியே ஆடி, கிடைத்த புள்ளிகளைக் கூட்டி அணியின் வெற்றியைக் கணக்கிடும் முறை, இன்று கல்லூரிச் சதுரங்கம் என்றாலே நம் நினைவுக்கு வருவது, அன்று நிலைபெற்றிருக்கவில்லை.

ஒன்று நின்றது, ஒன்று மறைந்தது

இரண்டு ஆட்டங்களில் ஒன்று மட்டும் வரலாறானதற்கு முதற்காரணம் காண்போர் கண்ணுக்குக் கிடைத்த விருந்து. திடலில் நடந்ததைச் சுற்றி நின்ற நூற்றுக்கணக்கானோர் பார்த்தனர். அவர்களுக்குச் சொல்லக் கதைகள் கிடைத்தன, கொல்லன் வதந்தி கிடைத்தது, 73–32 என்ற மறக்க முடியாத எண் கிடைத்தது. மன்றத்து அறைக்குள் நடந்த சதுரங்கத்தைப் புரிந்து பார்க்கக்கூடியவர் சிலரே. அதன் விளைவு வென்றது, தோற்றது என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது. ஆனால் இந்தக் காரணத்தோடு நிறுத்திக்கொள்வது போதாது. சதுரங்கத்துக்கே உரிய ஒரு பெரும் பேறு, ஆடி முடித்த ஆட்டத்தை நகர்த்தல் நகர்த்தலாகத் தாளில் காத்து வைக்கலாம் என்பது. 1857 முதல் டேனியல் வில்லார்ட் ஃபிஸ்க் நடத்திய செஸ் மன்த்லி போன்ற இதழ்களும் செய்தித்தாள் பத்திகளும் ஆட்டங்களை ஆவலோடு அச்சிட்ட காலம் அது. மார்ஃபியின் ஆட்டங்களை நாம் இன்றும் பலகையில் வைத்து ஆடிப்பார்க்கிறோம். பிட்ஸ்ஃபீல்ட் ஆட்டத்துக்கு அந்த வாழ்வு வாய்க்கவில்லை. அது ஆட்டமாக நினைக்கப்படாமல் வெற்றிச் செய்தியாக மட்டுமே நினைக்கப்பட்டது. வில்லியம்ஸ் சதுரங்கத்தைக் கேட்டதும் ஆம்ஹர்ஸ்ட் ஏற்றதும் கல்லூரியின் மதிப்பை நிலைநாட்டவே என்று மேலே கூறினேன். மதிப்பு நிலைநாட்டப்பட்ட பின் பலகையில் நிகழ்ந்ததைப் பற்றி அக்கறை கொள்ள எவரும் இருக்கவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. அன்று ஆடப்பட்ட பந்தாட்டத்தின் விதிகள் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தன. அதே 1859 நவம்பர் 3 அன்று, பிற்காலத்தில் ஃபோர்டம் பல்கலைக்கழகமான செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் அணி, செயின்ட் ஃபிரான்சிஸ் சேவியர் கல்லூரியை நியூயார்க் முறை விதிகளின்படி 33–11 என வென்றது. இன்றைய பேஸ்பால் வளர்ந்தது அந்த முறையிலிருந்தே. பிட்ஸ்ஃபீல்டின் திடலில் நடந்ததை இன்றைய ஆட்டக்காரர் ஒருவர் பார்த்தால் தம் ஆட்டம் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார். மன்றத்து அறையில் நடந்ததைப் பார்க்கும் சதுரங்க ஆட்டக்காரருக்கு அந்தத் தயக்கம் இராது. கடிகாரம் இல்லாததைத் தவிர, காய்களும் கட்டங்களும் நகர்வும் அவர் அறிந்தவையே. தொடர்ச்சி என்ற ஒன்றை வைத்துப் பார்த்தால், கல்லூரி விளையாட்டுக்கு உண்மையான தொடக்கம் என்று கூறத் தகுதி பெற்றது சனிக்கிழமை ஆட்டம்தான்.

மறதிக்குக் காலமும் துணை நின்றது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது; இரு கல்லூரிகளிலிருந்தும் இளைஞர்கள் படைக்குச் சென்றனர். செஸ் மன்த்லி அந்த ஆண்டிலேயே நின்றது. மார்ஃபி பொதுப் போட்டிகளிலிருந்து ஒதுங்கினார். அவருடைய பெயரோடு எழுந்த அலை அவருடைய விலகலோடு அடங்கியபோது, ஆண்டுதோறும் நடந்திருக்க வேண்டிய ஒரு போட்டி ஒரு தனி நிகழ்வாகவே நின்றுவிட்டது.

தொடர்ந்து வந்த அணிகள்

பிட்ஸ்ஃபீல்டில் இல்லாதவை எவை என்பதை, பதினான்கு ஆண்டுகளுக்குச் சற்றே குறைவான இடைவெளியில் இங்கிலாந்தில் நடந்தது தெளிவாக்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 1869இல் பல்கலைக்கழகச் சதுரங்க மன்றம் அமைந்தது. பிற்கால அரசியல்வாதியும் வின்ஸ்டன் சர்ச்சிலின் தந்தையுமான ராண்டால்ஃப் சர்ச்சில் அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவர். 1873 மார்ச் 28 அன்று லண்டனில், ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பல பலகைகளில் நேருக்கு நேர் ஆடின. அன்று தொடங்கிய போட்டி, உலகப் போர்க் காலங்கள் நீங்கலாக, ஆண்டுதோறும் நடந்துவருகிறது. பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் தந்தை ஜான் நெவில் கெய்ன்ஸ் 1870களில் கேம்பிரிட்ஜ் அணிக்காக ஆடியவர். அங்கே நிலையான மன்றம் இருந்தது, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனிப் பலகை இருந்தது, தோற்றவர் அடுத்த ஆண்டு பழிதீர்க்கலாம் என்ற உறுதி இருந்தது. பிட்ஸ்ஃபீல்டில் இருந்த ஆர்வம் இவர்களுடைய ஆர்வத்துக்குக் குறைந்ததன்று. அடுத்த ஆண்டு மீண்டும் கூடுவோம் என்ற ஏற்பாடு ஒன்றே அங்கே குறைவாக இருந்தது என்பது என் மதிப்பீடு. தோற்ற வில்லியம்ஸுக்கு அந்த ஏற்பாடு கிடைத்திருக்குமானால், 1860களிலேயே அமெரிக்காவில் ஒரு மரபு உருவாகியிருக்க வாய்ப்புண்டு.

அமெரிக்காவில் அந்த ஏற்பாடு 1892இல்தான் வந்தது. கொலம்பியா, ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய நான்கும் அந்த ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் நியூயார்க்கில் கூடி, கல்லூரிக்கு இருவர் என்ற அளவில் ஆடின. முதல் ஆண்டு வெற்றி கொலம்பியாவுக்குக் கிடைத்தது. விடுமுறையைத் தேர்ந்தெடுத்ததால் படிப்பு கெடுகிறது என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இடமில்லாமற்போயிற்று. ஆண்டுப் போட்டி என்று முன்கூட்டியே உறுதி செய்ததால் ஒரு தோல்வியோடு எதுவும் முடிந்துவிடவில்லை. 1899இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக்கம்பியின் வழியாக அடுத்த கட்டம் வந்தது: ஒரு பக்கம் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் சேர்ந்த அணி, மறுபக்கம் ஹார்வர்ட், யேல், கொலம்பியா, பிரின்ஸ்டன் சேர்ந்த அணி. தமக்குள் ஆண்டுதோறும் மோதிக்கொண்ட கல்லூரிகளே அந்தப் போட்டியில் ஒரே பக்கத்தில் அமர்ந்து, கடலுக்கு அப்பால் இருந்த எதிராளியின் நகர்த்தலுக்காகக் காத்திருந்தன.